ஓட ஆரம்பிக்கப் போறீங்களா? முதல்ல மெதுவா ஓடக் கத்துக்கங்க

எனக்கு அப்ப முப்பத்தாறு வயசு. ஸ்கூல் முடிச்சதுக்கப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுனதைத் தவிர வேற ஓட்டமே கிடையாது, நாள் பூரா சேர்ல உக்கார்ற வேலை, ரெண்டு மாடி ஏறுனாலே இளைக்கும், எடை 84 கிலோ. ஒரு ஜனவரி மாசம் திடீர்னு வைராக்கியம் வந்து புது ஷூ வாங்கிட்டு, காலைல அஞ்சே முக்காலுக்கு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போயி ஓட ஆரம்பிச்சேன். அந்தக் குளம் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் இருக்கும், அந்த ஒரு பக்கத்தைக் கூட நான் முடிக்கல. மூலை வர்றதுக்குள்ள விலாவுல பிடிச்சுக்கிச்சு, தொண்டை காஞ்சு வாயில இரும்பு மாதிரி ஒரு டேஸ்ட்டு, கட்டைச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நிக்கிறேன், பின்னாடி கையை வீசி நடந்து வந்த ஒரு பெரியவரு, "என்ன தம்பி, யாரும் விரட்டுறாய்ங்களா?"னு கேட்டுட்டு நிக்காம போய்க்கிட்டே இருந்தாரு.

நான் வீட்டுக்கு வந்து "நமக்கெல்லாம் ஓட்டம் செட் ஆகாது"னு ஷூவைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன், அப்புறம் அது ஒன்றரை வருஷம் அங்கேயே கிடந்துச்சு. இப்ப அரைமணி நேரம் நிக்காம ஓடுறேன், அதனால சொல்றேன், அன்னைக்கு எனக்கு ஓட வராம இல்ல, யாரோ விரட்டுற மாதிரி ஓடுனதுதான் தப்பு. புதுசா ஓட வர்ற எல்லாரும் பண்றது இதேதான். ஓட்டம்னு சொன்னதும் நம்ம மண்டையில வர்றது ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஓடுன 100 மீட்டர்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு தம் கட்டி ஓடுறது, அந்த வேகத்துல யாரால ஒரு கிலோமீட்டர் ஓட முடியும்?

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துட்டா மிச்சமெல்லாம் தன்னால புரிஞ்சிரும். தசை வேலை செய்யணும்னா சக்தி வேணும், அதை ரெண்டு வழியில எடுக்கும். ஒண்ணு, மூச்சுல வர்ற ஆக்சிஜனை வச்சு கொழுப்பையும் சர்க்கரையையும் நிதானமா எரிக்கிறது, இது விறகடுப்பு மாதிரி, பத்த நேரமாகும், ஆனா மணிக்கணக்கா எரியும். இன்னொண்ணு, ஆக்சிஜன் வர்ற வரைக்கும் காத்திருக்காம உள்ள இருக்கிற சரக்கை வச்சு டப்புனு சக்தி எடுக்கிறது, இது வைக்கோல் மாதிரி, குப்புனு பத்தும், கொஞ்ச நேரத்துல அவிஞ்சிரும். வேகமா ஓடுனா விறகடுப்பால ஈடு கொடுக்க முடியாது, வைக்கோலைத்தான் அள்ளிப் போடணும், ரத்தத்துல அமிலத்தன்மை ஏறும், கார்பன் டை ஆக்சைடை வெளிய தள்றதுக்காக மூச்சு தாறுமாறா ஓடும், கால் ஈயம் மாதிரி கனக்கும். நல்லாப் பழகுன ஆளுக்கு அந்த விறகடுப்பு பெருசு, அதனால அவரு நல்ல வேகத்துலயும் நிதானமா மூச்சு விட்டுக்கிட்டே ஓடுவாரு. பத்து பதினஞ்சு வருஷம் உக்காந்தே இருந்த ஆளுக்கு அது ரொம்பச் சின்னது, வேகமா நடந்தாலே பாதி தீந்துரும். அந்த அடுப்பைப் பெருசாக்குறதுதான் முதல் மூணு நாலு மாசத்து வேலை, அது பெருசாகணும்னா அதுல விறகைத்தான் எரிக்கணும், அதாவது மெதுவாத்தான் ஓடணும்.

எவ்வளவு மெதுவான்னா, பேசிக்கிட்டே ஓடுற அளவுக்கு. வாட்ச் வேணாம், ஹார்ட்பீட் கணக்கும் வேணாம். (220ல இருந்து வயசைக் கழிச்சா அதிகபட்ச இதயத்துடிப்புன்னு ஒரு கணக்கு சுத்துது, அது சராசரிக்கான குத்துமதிப்பு, உங்க நெஞ்சு அதுல இருந்து பத்து பன்னெண்டு துடிப்பு இப்படி அப்படி இருக்கலாம், முதல் மாசத்துலயே அதைப் பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க.) ஓடிட்டு இருக்கப்ப வீட்டுல இருந்து போன் வருதுன்னு வச்சுக்கங்க, "ஓடிட்டுத்தான் இருக்கேன், வர்றப்ப பால் பாக்கெட்டும் கறிவேப்பிலையும் வாங்கிட்டு வர்றேன்"னு நடுவுல மூச்சு வாங்காம முழுசாச் சொல்ல முடியணும். "ஓடி... ட்டு... இருக்..."னு வந்தா வேகம் ஜாஸ்தி, குறைங்க. கூட ஆள் இல்லேன்னா ஏழாம் வாய்ப்பாட்டை மெதுவா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, ரெண்டு மூணு வரி ஒரே மூச்சுல வந்தா சரியான வேகம். பாட்டே பாட முடியுதா, அப்பக் கொஞ்சம் கூட்டிக்கலாம்.

இந்த வேகம் பாக்க அசிங்கமா இருக்கும், முன்கூட்டியே சொல்லிர்றேன். வேகமா நடக்குற ஆளுங்க உங்களைத் தாண்டிப் போவாய்ங்க. என்னை அந்தப் பெரியவரே பல தடவை தாண்டிப் போயிருக்காரு. நடக்குறப்ப எப்பவும் ஒரு கால் தரையில இருக்கும், ஓட்டத்துல ரெண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும், அவ்வளவுதான் வித்தியாசம், வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால நடக்குற வேகத்துலயே ஓடவும் செய்யலாம். சின்னச் சின்ன எட்டா வச்சு, பாதம் உடம்புக்கு நேர் கீழ விழுற மாதிரி, சத்தம் வராம ஓடுங்க. தொப்பு தொப்புனு சத்தம் கேட்டா காலை ரொம்ப முன்னாடி எட்டிப் போடுறீங்கன்னு அர்த்தம்.

சரி, அந்த வேகத்துலயும் சில பேரால ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓட முடியாது, எனக்கும் முடியல. அதுக்குத்தான் நடுவுல நடக்குறது. நடந்தா தோத்துட்டோம்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட இருக்கு, அதை முதல்ல தூக்கிப் போடுங்க. 1972 மியூனிக் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடுன ஜெஃப் காலோவேங்கிறவரு, ஓட்டத்துக்கு நடுவுல கணக்குப் பண்ணி நடக்குறதையே ஒரு முறையா வச்சு சாதாரண ஜனங்களை மாரத்தான் வரைக்கும் கூட்டிட்டுப் போனவரு. முழுசா இளைச்சதுக்கப்புறம் நடக்குறது வேற, இளைப்பு வர்றதுக்கு முன்னாடியே நடக்குறது வேற, ரெண்டாவதுதான் முறை. களைப்பு ஏறுறதுக்கு முன்னாடி நடந்துட்டா அடுத்த ஓட்டத்துக்கு காலும் மூச்சும் தயாரா இருக்கும்.

இதுல உலகம் பூரா ஓடிட்டு இருக்கிற திட்டம் "கவுச் டு 5 கே"ங்கிறது. சோஃபாவுல கிடக்கிற ஆளை 5 கிலோமீட்டர் ஓட வைக்கிறதுன்னு அர்த்தம். 1996ல ஜோஷ் க்ளார்க்னு ஒரு அமெரிக்கப் பையன், ஐம்பது வயசைத் தாண்டுன தன் அம்மாவை ஓட வைக்கிறதுக்காக எழுதுன திட்டம் அது, அப்புறம் இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையே எடுத்து ஆப் போட்டு ஜனங்களுக்குக் கொடுத்துச்சு. மொத்தம் 9 வாரம், வாரத்துக்கு மூணே நாள். எல்லா நாளும் முதல்ல 5 நிமிஷம் விறுவிறுன்னு நடை. முதல் வாரத்துல 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, இப்படி எட்டு தடவை, மொத்தம் 20 நிமிஷம், அவ்வளவுதான், வீட்டுக்குப் போயிரலாம். ரெண்டாவது வாரம் ஒன்றரை நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. மூணாவது வாரத்துல மூணு நிமிஷ ஓட்டம் எட்டிப் பாக்கும், நாலாவதுல அஞ்சு நிமிஷம். அஞ்சாவது வாரம் கொஞ்சம் வில்லங்கமானது, முதல் நாள் அஞ்சு அஞ்சு நிமிஷமா மூணு தடவை, ரெண்டாம் நாள் எட்டு எட்டு நிமிஷமா ரெண்டு தடவை, மூணாம் நாள் திடுதிப்புனு 20 நிமிஷம் நடையே இல்லாம! நான் அதைப் படிச்சப்ப அச்சுப் பிழைன்னுதான் நினைச்சேன். ஆனா மெதுவா ஓடுனவங்களுக்கு அது முடிஞ்சிரும், வேகமா ஓடிட்டு வந்தவங்க அங்கதான் மாட்டிக்குவாங்க. ஒன்பதாவது வாரத்துல 30 நிமிஷம்.

அந்தத் திட்டத்து மேல எனக்கு ரெண்டு மனத்தாங்கல் உண்டு. ஒண்ணு அந்தப் பேரு. 30 நிமிஷத்துல 5 கிலோமீட்டர்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷம், புது ஆளுக்கு அது நல்ல வேகம், நான் ஒன்பதாவது வாரம் முடிச்சப்ப 4 கிலோமீட்டர்கூட முழுசா வரல. அதனால தூரத்தை மறந்துட்டு நிமிஷத்தை மட்டும் பாருங்க. ரெண்டாவது, 9 வாரங்கிறது எல்லாருக்கும் பத்தாது. எனக்கு 16 வாரம் ஆச்சு, மூணாவது வாரத்தையே மூணு தடவை ஓடுனேன், யாரும் வந்து பெயில் போடல. ஒரு வாரத்துல மூணு நாளும் பேசிக்கிட்டே ஓட முடிஞ்சா அடுத்த வாரத்துக்குப் போங்க, முடியலேன்னா அதையே திரும்ப ஓடுங்க. எடை ரொம்ப ஜாஸ்தி இருக்குறவங்க, பத்து நிமிஷம் நடந்தாலே கால் வலிக்குறவங்க, முதல் ஒண்ணு ரெண்டு மாசம் ஓடவே வேணாம், வாரத்துல அஞ்சு நாள் 30 நிமிஷம் நிக்காம நடக்குற அளவுக்கு வந்துட்டு அப்புறம் 30 நொடியில ஆரம்பிக்கலாம். டைமர் ஆப் இலவசமாவே கிடைக்குது, அதுவும் வேணாம்னா தெருவுல கரண்டுக் கம்பத்தை எண்ணுங்க, ரெண்டு கம்பம் ஓட்டம், மூணு கம்பம் நடை.

இப்ப வாரத்துக்கு மூணே நாள் எதுக்குன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்குறாங்க, அதுவும் ஆர்வக்கோளாறுல இருக்குற முதல் வாரத்துல தினம் ஓடணும்னு தோணும். இங்கதான் முக்கியமான விஷயம் இருக்கு, புதுசா ஓடுறவங்களுக்கு வர்ற வலி பாதிக்கு மேல இதைத் தெரியாம வர்றதுதான்னு நான் சொல்லுவேன். உடம்புல எல்லாமே ஒரே வேகத்துல பழகாது. ரத்தத்துல நீர் அளவு முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துலயே கூடிரும், இதயம் ஒரு துடிப்புல தள்ளுற ரத்தம் கூடும், சில வாரத்துல தசைக்குள்ள புதுசா நுண்ணிய ரத்தக்குழாய் வளரும், செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியா பெருகும். அதனால நாலஞ்சு வாரத்துல "அடேங்கப்பா, இளைப்பே இல்லையே"னு தோணும். ஆனா தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிற தசைநாணும், எலும்பும் பழக மாசக்கணக்காகும். எலும்பு புதுப்பிக்கிற விதமே விசித்திரமானது, பழைய பகுதியை முதல்ல அரிச்சு எடுத்துட்டுத்தான் புது எலும்பு போடும், ஒரு சுத்து முடிய மூணு நாலு மாசம் ஆகும், அதனால நடுவுல கொஞ்ச காலம் அந்த இடம் முன்ன இருந்ததை விட வலு குறைஞ்சே இருக்கும். ஓடுறப்ப ஒவ்வொரு அடிக்கும் நம்ம எடையை மாதிரி ரெண்டரை மடங்கு பாரம் காலுல இறங்கும், நிமிஷத்துக்கு 160 அடின்னாலும் பத்து நிமிஷத்துக்கு 1600 தடவை. மூச்சு போலாம்போலாம்னு சொல்லும், கால் எலும்பு இன்னும் தயாராகி இருக்காது, அந்த இடைவெளியிலதான் அடி விழும்.

எனக்கு விழுந்துச்சு. ரெண்டாவது தடவை ஆரம்பிச்சப்ப ஆறாவது வாரம் செம ஃபார்ம்ல இருந்தேன், வாரத்துக்கு மூணு நாளை அஞ்சு நாளாக்கினேன், பத்தே நாள்ல கால் முன்னெலும்போட உள்பக்கம் முழுக்க வலி, காலைல கட்டில்ல இருந்து இறங்கி காலை ஊன முடியல. ஷின் ஸ்ப்ளின்ட்னு சொல்லுவாங்க. மூணு வாரம் உக்காந்தேன்.

வலியில ரெண்டு வகை இருக்கு, அதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். ஓடுன மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் தொடை, ஆடுதசை ரெண்டு காலுலயும் ஒரே மாதிரி கடுகடுன்னு வலிச்சு, மாடிப்படி இறங்குறப்ப ஐயோன்னு சொல்ல வச்சுட்டு, மூணாம் நாள் தன்னால போயிருச்சுன்னா அது தசைவலி, அதுக்குப் பயப்பட வேணாம். ஒரே காலுல, ஒரே இடத்துல, விரலை வச்சு "இங்கதான்"னு காட்ட முடியுற வலி, ஓட ஓடக் கூடுற வலி, ராத்திரி படுத்திருக்கப்பவும் குத்துற வலி, இதெல்லாம் வேற. அதுக்கு ஓட்டத்தை நிறுத்தணும், ஒரு வாரத்துல குறையலேன்னா டாக்டரைப் பாக்கணும், எலும்புல நுண்கீறல் இருக்கலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடுறது இருக்கே, அது வண்டியில ரெட் லைட் எரியுதுன்னு பல்பைக் கழட்டுற கதை. காலைல முதல் அடி வைக்கிறப்ப குதிகால்ல ஊசி குத்துற மாதிரி இருந்தா அது பாதத்துக்கு அடியில இருக்கிற சவ்வோட பிரச்சனை, அதுக்கும் ஓய்வுதான் முதல் மருந்து.

ஓடாத நாள்ல ரெண்டு நாளாவது தோப்புக்கரணம் போடுங்க, சும்மா சொல்லல, பிள்ளையார் முன்னாடி போட்ட அதே தோப்புக்கரணம்தான், தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி வீட்டுக்குள்ள எதுவும் இல்ல. கூடவே படிக்கட்டு நுனியில நின்னு குதிகாலை மெதுவா ஏத்தி இறக்குறது, பத்து பத்தா ரெண்டு தடவை. ஓடுறதுக்கு முன்னாடி காலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஸ்ட்ரெச்சிங் பண்ணணும்னு அவசியமில்ல, அஞ்சு நிமிஷ நடையே போதும்.

ஓடுனா முட்டி தேஞ்சு போயிரும்னு உங்க பெரியம்மா சொல்லுவாங்க, எங்க பெரியம்மாவும் சொன்னாங்க. 2017ல பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல பொழுதுபோக்கா ஓடுறவங்கள்ல 3.5 சதவீதம் பேருக்கு முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்துச்சு, ஓடாம உக்காந்தே இருந்தவங்கள்ல 10.2 சதவீதம். இதை வச்சு ஓடுனா முட்டி சரியாயிரும்னு சொல்ல முடியாது, ஏன்னா முட்டி வலிக்குறவங்க ஓட்டத்தையே விட்டுருப்பாங்க, கணக்கு கொஞ்சம் சாஞ்சிருக்கும். ஆனா அளவா ஓடுனா தேயும்ங்கிற பயத்துக்கு ஆதாரம் இல்ல. ஏற்கனவே முட்டியில அடிபட்டவங்க, தேய்மானம்னு எக்ஸ்ரே பாத்தவங்க மட்டும் கேட்டுட்டு ஆரம்பிங்க.

டாக்டர் பேச்சு வந்ததால இதையும் சொல்லிர்றேன், இதுல மட்டும் அலட்சியம் வேணாம். நாப்பது தாண்டுனவங்க, சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட் பழக்கம் இருக்கிறவங்க, அப்பா அண்ணன்னு குடும்பத்துல சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருக்குன்னா, ஷூ வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டரைப் பாருங்க. இன்சுலின் போடுறவங்க, கிளைமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஓடுறப்ப சுகர் திடீர்னு இறங்கலாம், கை நடுங்கி வேர்த்துக் கொட்டி கண்ணு இருட்டும், பாக்கெட்டுல ரெண்டு மிட்டாயோ குளுக்கோஸோ கட்டாயம் வச்சுக்கங்க. ஓடுறப்ப நெஞ்சுல பாரம், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுறது, மயக்கம் வர்ற மாதிரி இருக்கிறது, இதுல ஒண்ணு வந்தாலும் "கேஸ்தான்"னு நீங்களே முடிவு பண்ணிட்டு சோடா குடிக்கப் போகாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

நம்ம ஊர்ல ஓடுறதுல இன்னொரு எதிரி வெயிலும் புழுக்கமும். வெளிநாட்டுக்காரங்க போடுற வீடியோவுல பத்து டிகிரி குளிர்ல மூச்சுல புகை வர ஓடுவாங்க, நாம அதே வேகத்துல ஓடலாம்னு கிளம்பக்கூடாது. உடம்பு சூட்டைக் குறைக்கிறது வேர்வையால இல்ல, வேர்வை காத்துல ஆவியாகுறதாலதான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கும், வேர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது, சூடு உள்ளேயே நிக்கும். தோலைக் குளிர வைக்க இதயம் அந்தப் பக்கமும் ரத்தத்தை அனுப்பணும், அதனால அதே வேகத்துக்கு துடிப்பு கூடும். மார்கழியில சுலபமா ஓடுன தூரம் சித்திரையில மூச்சு வாங்குனா உங்க ஃபிட்னெஸ் எங்கேயும் போகல, வேகத்தைக் குறைச்சுக்கங்க, பேசிக்கிட்டே ஓடுற அளவு எப்பவும் மாறாது. உடம்பு சூட்டுக்குப் பழக பத்து பதினாலு நாள் ஆகும். அக்னி நட்சத்திரத்துல புதுசா ஆரம்பிக்காதீங்க, ஆரம்பிச்சே தீருவேன்னா விடியுறதுக்கு முன்னாடி. அரைமணி ஓட்டத்துக்கு நடுவுல தண்ணி தேவைப்படாது, கிளம்புறதுக்கு முன்ன ஒரு டம்ளரும் வந்ததும் தாகத்துக்குத் தக்கனயும் போதும், ரொம்ப வேர்க்குறவங்க உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். ஓடுறப்ப தலை சுத்தி, குழப்பமாப் பேசி, உடம்பு கொதிச்சா உடனே நிழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி, விசிறி விட்டுக்கிட்டே 108ஐக் கூப்பிடணும்.

ஷூவைப் பத்தி யூடியூப்ல மணிக்கணக்கா பேசுறாங்க, நான் நாலு வரியில முடிச்சிர்றேன். ஓட்டத்துக்குன்னு இருக்கிற ஷூ, ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குள்ளேயே கிடைக்கும், சாயங்காலமா போய் வாங்குங்க ஏன்னா அப்பத்தான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும், நுனியில ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், கடையிலேயே ரெண்டு நடை ஓடிப் பாத்து காலுக்கு எது சொகமா இருக்கோ அதை எடுங்க. சாக்ஸ் காட்டன்ல வேணாம், நனைஞ்சு கொப்புளம் போடும். தொடை உரசுற இடத்துல தேங்கா எண்ணெயோ வாசலினோ. பொம்பளைங்களுக்கு ஷூவை விட முக்கியம் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா, அதுல காசு பாக்காதீங்க.

நாய்! அதைப் பத்தி எந்த வெளிநாட்டு ஆப்லயும் ஒரு வார்த்தை இருக்காது. ஓடுற எதையும் துரத்துறது நாயோட சுபாவம், அதனால கூட்டமா நிக்கிற இடம் வந்தா ஓட்டத்தை நிறுத்திட்டு நடங்க, கண்ணைப் பாத்து முறைக்காதீங்க, குரைச்சுக்கிட்டே வந்தா திரும்பி ஓடாம அப்படியே நின்னு மெதுவா பக்கவாட்டுல நகருங்க. மீறிக் கடிச்சிருச்சுன்னா, சின்னக் கீறலா இருந்தாலும் சரி, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், சுண்ணாம்பு மஞ்சள் எதுவும் வைக்காதீங்க, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி இலவசம், சொன்ன தேதிக்கெல்லாம் போயி கோர்ஸை முழுசா முடிக்கணும். வெறிநாய்க்கடி நோய் முத்திட்டா காப்பாத்த வழியே இல்ல.

நாய்க்கு அடுத்தது மனுஷங்க. நீங்க ஷூ போட்டு தெருவுல இறங்குன மூணாவது நாள் எதுத்த வீட்டுக்காரரு கேப்பாரு, "என்ன சார், சுகர் வந்துருச்சா?" நம்ம ஊர்ல டாக்டர் சொல்லாம யாரும் நடக்குறதுகூட இல்லேன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை, அதுல தப்பும் இல்ல. 2024ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்த உலக சுகாதார நிறுவன ஆய்வுப்படி, 2022 கணக்குல இந்தியாவுல வயசு வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் தேவையான அளவு உடம்பை அசைக்கிறதே இல்ல, பொம்பளைங்கள்ல அது 57 சதவீதம். தேவையான அளவுன்னா என்ன, வாரத்துக்கு 150 நிமிஷம் விறுவிறுன்னு நடை, இல்ல 75 நிமிஷம் இளைக்க இளைக்க ஏதாவது, அவ்வளவுதான். வாரத்துல மூணு நாள் இந்த ஓட்டமும் நடையும் கலந்த அரைமணியைப் போட்டாலே அந்தக் கணக்கு ஏறக்குறைய வந்துரும். பொம்பளைங்களுக்கு அந்த 57 எப்படி வருதுன்னு எங்க வீட்டுலயே பாத்தேன். என் மனைவி ஆரம்பிக்கணும்னு சொன்னப்ப நேரம்தான் முதல் பிரச்சனை, காலைல அஞ்சரைக்கு நான் தெப்பக்குளத்துல இருந்தா அடுப்படியில யாரு இருப்பா? வாரத்துல மூணு நாள் நான், மூணு நாள் அவங்கன்னு பிரிச்சதுக்கப்புறம்தான் அவங்களால வர முடிஞ்சது. தனியா ரோட்டுல ஓட யோசிக்கிறவங்க ரெண்டு மூணு பேராச் சேந்து ஸ்கூல் கிரவுண்டுக்குப் போகலாம், முடியாத நாள்ல மொட்டை மாடி இருக்கு. மாடி சின்னதா இருந்தா ஒரே பக்கமா சுத்தாம அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திசையை மாத்துங்க, இல்லேன்னா ஒரு முட்டிக்கு மட்டும் பாரம் சேரும்.

எடை குறையுமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. ஓட்டத்துல ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு தோராயமா ஒரு கலோரி செலவாகும். 80 கிலோ ஆளு 3 கிலோமீட்டர் ஓடுனா 240 கலோரி. ஓடி முடிச்சுட்டு "இவ்வளவு ஓடிட்டோமே"னு ரெண்டு உளுந்த வடையும் சீனி போட்ட பாலும் உள்ள போனா கணக்கு நேராயிரும், சில நாள் கடனே விழும். தெப்பக்குளத்துப் பக்கம் ஓடுறதுல இது ஒரு பெரிய ஆபத்து, வாசனையே ஆளை இழுக்கும். நான் முதல் மூணு மாசத்துல குறைச்சது ரெண்டே கிலோ. ஆனா மாடி ஏறுனா இளைக்கல, ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்துச்சு, காலைல கண்ணு முழிச்சதும் நாடியை எண்ணிப் பாத்தா 82 இருந்தது 70க்கு வந்திருந்துச்சு. மெஷின்ல ஏறி நின்னு மனசு ஒடைஞ்சு ஓட்டத்தை விட்டவங்க எனக்குத் தெரிஞ்சே நாலு பேரு இருக்காங்க, அதனால முதல் மூணு மாசம் எடை மெஷினை பரண்ல ஏத்திருங்க.

நடுவுல விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்கும். மழை, கல்யாண சீசன், பிள்ளைங்க பரீட்சை, எதாவது ஒண்ணு வரும். ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா விட்ட இடத்துல இருந்தே ஆரம்பிங்க, ரெண்டு வாரம் போச்சுன்னா திட்டத்துல ஒரு வாரம் பின்னாடி போங்க, ஒரு மாசம்னா அதுவரைக்கும் முடிச்ச வாரத்துல பாதி பின்னாடி போங்க. விட்டதைப் பிடிக்கிறேன்னு ஒரே வாரத்துல ஆறு நாள் ஓடுனா என் கால் எலும்பு கதைதான். காய்ச்சல்ல ஓடவே கூடாது, விட்டதுக்கப்புறமும் சாதாரணமா சாப்பிட்டுத் தூங்கி, களைப்பில்லாம நடக்க முடிஞ்சா மட்டும் ஷூவைத் தொடுங்க, டெங்கு மாதிரி பெருசா வந்திருந்தா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேணாம்.

30 நிமிஷம் வந்துட்டா அடுத்து என்னன்னு கேட்டா, கொஞ்ச நாளைக்கு ஒண்ணுமே வேணாம். மாரத்தான் டீ-ஷர்ட்டைப் பாத்து 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுக்கத் தோணும், அந்த மாசம் அந்தப் பக்கமே போகாதீங்க. அதே 30 நிமிஷத்தை அதே மூணு நாள் இன்னொரு ரெண்டு மாசத்துக்கு ஓடுங்க, எலும்பு கணக்கைச் சொன்னேன்ல, அதுக்கு இந்த நேரம் வேணும். வேகம் கூடணும்னு நீங்க எதுவும் பண்ண வேணாம், ஒரு நாள் அதே மூச்சுல, அதே வாய்ப்பாட்டுல, வழக்கமாத் திரும்புற மூலையைத் தாண்டி வந்திருப்பீங்க. நான் இப்ப கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் நிமிஷம், தெப்பக்குளத்தை அரைமணியில மூணு சுத்துக்குக் கொஞ்சம் மேல வருது. அந்தப் பெரியவரை இப்ப நான் தாண்டிப் போறேன், ஆனா அவரு அஞ்சு சுத்து நடந்துட்டுத்தான் வீட்டுக்குப் போறாரு.